பழைய மரச் சுரூபத்துக்கு இனாமல் அடிக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

ஜூன் 13 அந்தோனியார், செப்டம்பர் 8 வேளாங்கண்ணி மாதா என்று திருவிழா நெருங்கினாலே, தேவாலயத்திலுள்ள பழைய சுரூபங்களை, அதாவது புனிதர் சிலைகளை, ஈரத்துணியால் துடைத்து இனாமல் பெயிண்ட் அடிக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. சிமெண்டுச் சுரூபம் அதைத் தாங்கும். மரச் சுரூபம் தாங்காது.

முதலில் அது மரம்தானா என்று பாருங்கள். மெல்லச் சாய்த்தால் பீடத்தடியில் மர ரேகை தெரியும். பெரிய சுரூபங்களில் முதுகைக் குடைந்திருப்பார்கள். நடுமரத்தை எடுத்துவிட்டால் வெடிப்பு குறையும் என்பது தச்சர் கணக்கு.

மரத்தின்மேல் வச்சிரப் பசையில் (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை) குழைத்த சுண்ணத்தூள், அதன்மேல் வண்ணம். தங்க ரேக்கு ஒட்டிய இடங்களில் இடையே மெல்லிய செம்மண் பூச்சும் இருக்கும். வச்சிரம் நீரில் இளகும். துடைக்கத் துடைக்க முகமே கையோடு வருவது இதனால்தான். இனாமல் இன்னும் மோசம். பின்னாளில் அதை நீக்கும் கரைப்பான், அடியிலுள்ள பழைய வண்ணத்தையும் கரைத்துவிடலாம்.

நம் சிங்கப்பூரில் பெரிய எதிரி ஏர்கான். ஞாயிறு காலை போட்டால் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு இறங்கும். அணைத்தபின் 80ஐத் தாண்டும். மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கி விரியும், சுண்ணப்பூச்சு கூடவே அசையாது, செதிலாகத் தெறிக்கும். குளிர்காற்று நேரே படாத இடத்தில், சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். மல்லிகை மாலையின் ஈரம் வண்ணத்தில் படாதபடி, அதைக் கழுத்தில் போடாமல் முன்னால் ஒரு தாங்கியில் தொங்கவிடலாம். மாதா கோபித்துக்கொள்ள மாட்டார்.

பீடத்தடியில் முகப்பவுடர்போல் தூள் கொட்டினால் துளைவண்டு; கசகசாபோல் மணிமணியாக இருந்தால் உலர்மரக் கரையான். மண்ணெண்ணெய் ஊற்றவேண்டாம், வண்ணம் கறைபடும். ஆக்சிஜன் புகாத உறையில், ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலங்களோடு மூன்று நான்கு வாரம் அடைத்துவைத்தால் பூச்சி மூச்சுமுட்டிச் சாகும். சாதாரண பிளாஸ்டிக் பை உதவாது, காற்று ஊடுருவிவிடும். பொட்டலத்தின் அளவு உறையின் கொள்ளளவைப் பொறுத்தது என்பதால், கலைப்பொருள் சீரமைப்பவரிடம் விடுவதே நல்லது.

சப்பரத்தில் ஏற்றும்போது ஒரு கை பீடத்தடியில், மறு கை இடுப்பில். சுரூபத்தின் கையைப் பிடித்துத் தூக்கக்கூடாது. பெரும்பாலும் அது தனியே செதுக்கி முளையடித்துப் பொருத்தியது. தூசிக்கு மென்மையான தூரிகை போதும். வண்ணம் பெயர்ந்திருந்தால் அதுவும் வேண்டாம். உதிர்ந்த சில்லுகளைப் பெருக்கித் தள்ளாமல் காகித உறையில் போட்டு, எந்த இடத்தில் உதிர்ந்தது என்று எழுதிவையுங்கள். சீரமைப்பவர் அவற்றையே திரும்ப ஒட்ட முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிங்கப்பூர்