நான் விட்டுவிட்டேன், நீ விடாதே

அன்புள்ள மாலதி,

இங்கே அனைவரும் நலம். அத்தைக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மகன் தேசிய சேவைக்குப் போய்விட்டான். மொட்டைத் தலைப் படத்தை யாருக்கும் அனுப்பக் கூடாது என்று உத்தரவு, ஆகவே தனியாகக் கேள். பெர்த்திலும் சிங்கப்பூரிலும் கடிகாரம் ஒரே நேரத்தைத்தான் காட்டுகிறது என்பதால், இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்கு நேர வேறுபாட்டின் மேல் பழிபோடவும் எனக்கு வழியில்லை.

குமுதா உன்னிடம் சொன்னது உண்மைதான். ஆன்சன் ரோட்டில் கப்பல் ஆவணங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அந்த அலுவலகத்திலிருந்து விலகிவிட்டேன். தாதிமைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். நானே சொல்லியிருக்க வேண்டிய செய்தியை அவள் முந்திக்கொண்டதில் உனக்குக் கோபம் இருக்கும். 170ஆம் எண் பேருந்து விவகாரத்திலேயே அவள் வாயில் எதுவும் தங்காது என்று நாம் தெரிந்துகொண்டோம், இன்னுமா எதிர்பார்க்கிறாய்? ஆனால் நான் இப்போது உட்கார்ந்து எழுதுவது உன் கோபத்துக்காக அன்று. “சபாஷ், நீ வழிகாட்டிவிட்டாய், நானும் இந்தத் தவணையோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போடப் போகிறேன்” என்று நீ அனுப்பிய குரல்பதிவைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னைப் பார்த்து நீ கிளம்புவதாக இருந்தால், நான் எதைப் பார்த்துக் கிளம்பினேன் என்பதையாவது முழுதாகத் தெரிந்துகொண்டு கிளம்பு.

இங்கே எல்லாரும் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கப்பல் ஆவணங்கள் எல்லாம் மின்னிலக்கமாகிவிட்டன, அதனால் ஆளைக் குறைத்திருப்பார்கள் என்பது என் மைத்துனரின் கண்டுபிடிப்பு. அதில் பாதி உண்மை. மின்னியல் பில் ஆஃப் லேடிங்குக்கு, அதாவது கப்பலில் ஏற்றிய சரக்குக்கான உரிமை ஆவணத்துக்கு, காகிதத்துக்கு இணையான தகுதியைத் தரும் வகையில் சிங்கப்பூர் 2021இலேயே சட்டத்தைத் திருத்திவிட்டது; பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனங்கள் பல 2030க்குள் முழுவதும் மின்னியலுக்கே மாறிவிடுவதாக 2023இல் உறுதி கூறியிருக்கின்றன. ஆனால் தொழில் தேய்ந்துபோகவில்லை. 2024இல் நம் துறைமுகம் இருபதடிக் கொள்கலன் கணக்கில் 41.1 மில்லியனைக் கையாண்டது. அதுவரை எட்டாத உச்சம் அது. துவாஸில் கட்டிக்கொண்டிருக்கும் துறைமுகம் 2040களில் முழுமையடையும்போது, அது ஒன்றே ஆண்டுக்கு 65 மில்லியனைக் கையாளுமாம். மூழ்குகிற கப்பலிலிருந்து நான் குதித்ததாக நினைத்து யாரும் எனக்காக வருந்த வேண்டியதில்லை.

இன்னொரு சாரார், நான் களைத்துப்போய் விட்டுவிட்டேன் என்கிறார்கள். இதற்குத்தான் நான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் கதையும் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கி, கப்பல்கள் சூயஸைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்த பிறகு, எந்தக் கப்பலும் அட்டவணைப்படி வந்து சேரவில்லை; வந்தவையும் கூட்டம் கூட்டமாக வந்தன. 2024 நடுவில் இங்கே நெரிசல் முற்றி, முன்பே மூடிவைத்திருந்த கெப்பல் முனையத்தின் பழைய துறைகளைத் திரும்பத் திறக்க வேண்டியதாயிற்று. கப்பலின் தேதி ஒரு முறை மாறினால், நாங்கள் அனுப்பிய ஆவணங்களில் பாதியைத் திரும்பத் தொட வேண்டும்; சரக்குக்குப் பணம் தர வங்கி ஒப்புக்கொண்டு கொடுக்கும் கடன் கடிதத்தில் எழுதியிருக்கும் கடைசி ஏற்றுமதித் தேதி தாண்டிவிட்டால் வங்கி முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வாடிக்கையாளர் எங்கள் மேல் பாய்வார். இரவு பத்து மணிக்கு மேல்தான் தஞ்சோங் பகார் நிலையத்துக்கு நடப்பேன். அந்த நாள்களில் விலகல் கடிதத்தை மனத்துக்குள் எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். கொடுக்கவில்லை. களைத்திருக்கும்போது எல்லா வேலையும் விடவேண்டிய வேலையாகத்தான் தெரியும். அந்த மனத்தை நம்பி ஒரு கையெழுத்துப் போடுவது சரியில்லை என்று என் கணவர் சொன்னார், அவர் சொன்னதில் நான் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட மிகச் சிலவற்றில் இதுவும் ஒன்று.

நெருக்கடி தணிந்தது. நீண்ட விடுப்பு எடுத்தேன். கொடைக்கானலில் ஒன்றுமே செய்யாமல் கிடந்தேன். திரும்பி வந்தபோது தூக்கம் சரியாக இருந்தது, முதுகுவலி போயிருந்தது, மேலாளர்கூட நல்லவராகத் தெரிந்தார். அதற்குப் பிறகுதான் அது நடந்தது.

கொள்கலனின் எண்ணை நீ பார்த்திருப்பாய்: நான்கு எழுத்துகள், பிறகு ஆறு இலக்கங்கள், கடைசியில் ஒரு சிறு கட்டத்துக்குள் ஏழாவது இலக்கம். அந்த ஏழாவது இலக்கம், முன்னால் இருக்கும் எழுத்துகளையும் எண்களையும் ஒரு வாய்பாட்டில் போட்டுக் கணக்கிட்டு வருவது; இடையில் எங்காவது எண் மாறியிருந்தால் அது பொருந்தாது, தப்பு பிடிபட்டுவிடும். கணினி இதைப் பார்த்துச் சொல்வதற்கு முந்தைய காலத்தில் நான் கண்ணாலேயே பிடிப்பேன். அடிக்கடி வந்துபோகும் கொள்கலன்களின் எண்கள் எனக்கு முகங்களைப் போலத் தெரியும். ஒன்று பிசகினால் உடனே உறுத்தும். நம் கணக்கு ஆசிரியரின் “கூட்டிப் பார்!” எனக்குச் சோறு போட்டது என்று நீ கேலி செய்வாயே, அந்தக் காலம்.

விடுப்பு முடிந்து வந்த சில நாள்களில், புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒரு வரைவைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு ஓடி வந்தாள். “அக்கா, கடைசி நம்பர் ஒத்து வரவில்லை. கம்ப்யூட்டர் சொல்வதற்கு முன்னாலேயே நான் பார்த்துவிட்டேன்!” அவள் விரல் அந்த எண்ணின் மேலேயே இருந்தது, விரலை எடுத்தால் தப்பு ஓடிப்போய்விடுமோ என்பதுபோல் அழுத்திப் பிடித்திருந்தாள். என் பழைய மேற்பார்வையாளர் இதே போன்ற ஒரு நாளில் என்னை தேக்காவுக்கு அழைத்துப்போய்த் தோசை வாங்கிக்கொடுத்தார். நான் அவளிடம், “சரி, திருத்திவிடு” என்றேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அவளுக்காக வருந்தினேனே தவிர, அந்த எண்ணைப் பற்றி எனக்கு எதுவுமே தோன்றவில்லை. தப்பு வந்ததில் எரிச்சல் இல்லை, பிடிபட்டதில் மகிழ்ச்சி இல்லை. அந்தத் தாள் சரியாகப் போனால் என்ன, தப்பாகப் போனால் என்ன என்று, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலை நேரத்தில், நல்ல உடல்நலத்தோடு, எனக்குத் தோன்றிவிட்டது.

மாலதி, எனக்குப் பயமாக இருந்தது அப்போதுதான். களைப்பு என்றால் விடுப்பு இருக்கிறது. மேலாளர் கொடுமை என்றால் வேறு அலுவலகம் இருக்கிறது. அதையும் முயன்று பார்த்தேன். ராபின்சன் ரோட்டில் இன்னொரு நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்து, சம்பளத்தையும் கூட்டிக் கொடுப்பதாகச் சொன்னது. நல்ல மனிதர்கள். எனக்குத் தரவிருந்த இடத்தைக் காட்டினார்கள். திரையில் அதே மென்பொருள், அதே வரைவு, அனுப்புநர், பெறுநர், அறிவிக்க வேண்டியவர் என்று அதே கட்டங்கள். அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்ற எண்ணமே வயிற்றைப் பிசைந்தது. இடத்தோடு எனக்குச் சண்டை இல்லை, வேலையோடு எனக்கு உறவு தீர்ந்துவிட்டது என்று அங்கே நின்றபோது சந்தேகமில்லாமல் தெரிந்தது.

தாதிமை எப்படி வந்தது என்று கேட்டிருந்தாய். இதில் பெரிய கதை ஒன்றும் இல்லை, தெய்வ அழைப்பும் இல்லை. மாமாவுக்கு நீரிழிவினால் காலில் ஆறாத புண். கட்டு மாற்ற பலதுறை மருந்தகத்துக்கு அவரை நான்தான் அழைத்துப்போவேன். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடத்தில் நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாதி புண்ணின் நீள அகலத்தை அளந்து குறித்தார். ஓரத்துத் தோலின் நிறத்தைப் பார்த்தார். போன வாரக் குறிப்போடு ஒப்பிட்டார். அதன் பிறகே எந்த வகைக் கட்டு என்று முடிவு செய்தார். எனக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது! அலுவலகத்தில் பதவி உயர்ந்தவர்கள் மேல் எனக்கு வராத பொறாமை. அன்று இரவு உட்கார்ந்து, ஈரம் காக்கும் கட்டு எது, கசிவை உறிஞ்சும் கட்டு எது என்று நள்ளிரவு வரை படித்தேன். யாரும் என்னைப் படிக்கச் சொல்லவில்லை. கடந்த சில ஆண்டுகளில் கப்பல் துறையைப் பற்றி நான் அப்படி ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

வேறு துறைகளில் வேலை பார்த்தவர்களுக்காக, மூன்றாண்டுத் தாதிமைப் பட்டயத்தை இரண்டு ஆண்டில் முடிக்கும் வழி ஒன்று வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டத்தில் இருக்கிறது. நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். படிக்கும் காலத்தில் மாதந்தோறும் உதவித்தொகை தருகிறார்கள், முடித்த பின் ஒப்பந்தப்படி பணியாற்ற வேண்டும். இது கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று, அரசாங்கத்தின் திறன் மேம்பாட்டுத் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் பயிற்சிப் படியையும் விசாரித்து வைத்திருந்தேன். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், அவர்கள் பட்டியலிட்டிருக்கும் முழுநேரப் படிப்பில் சேர்ந்தால், கடந்த ஓராண்டுச் சராசரி வருமானத்தில் பாதியை, மாதம் 3,000 வெள்ளி வரை, 24 மாதங்களுக்குத் தருகிறார்கள். நீ குடியுரிமையை விடாமல் வைத்திருக்கிறாய், தெரிந்து வைத்துக்கொள்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சம்பளம் குறைவதை எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். மத்திய சேமநிதியை மறந்துவிடுகிறார்கள். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் மாதத் தவணை அந்தச் சேமநிதியில் உள்ள என் சாதாரணக் கணக்கிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. முதலாளி போடும் 17 விழுக்காடும் நான் போடும் 20 விழுக்காடும் நின்றுவிட்டால், இருக்கும் இருப்பு கரைந்து, பிறகு தவணையை ரொக்கமாகக் கட்ட வேண்டியிருக்கும். எந்த மாதத்தில் அது நடக்கும் என்று என் கணவர் விரிதாளில் சிவப்பு நிறம் அடித்து வைத்தார். “கூட்டிப் பார்!” என்று நான் திரும்பத் திரும்பச் சொல்ல, மனிதர் மூன்றாம் முறை கூட்டியபோதும் அதே மாதம்தான் வந்தது. அதற்கு வேண்டிய பணத்தை ஒதுக்கி வைத்த பிறகுதான் விலகல் கடிதத்தைக் கொடுத்தேன்.

அம்மாவின் எதிர்வினையை உனக்குச் சொல்லத் தேவையில்லை. “நாற்பத்தைந்து வயதில் அடுத்தவர் மலச்சட்டியைக் கழுவப் போகிறாயா?” ஆமாம் அம்மா, அதுவும் உண்டு என்றேன். 2026 ஜூலை முதல் ஓய்வு வயது 64, மறுவேலைவாய்ப்பு வயது 69 என்று அரசாங்கம் அறிவித்திருப்பதை எடுத்துச் சொல்லி, இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் நான் எங்காவது வேலை செய்துதானே ஆக வேண்டும் என்று கேட்டேன். அம்மா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் அழைத்து, கால் மரத்துப்போவதற்கு என்ன செய்யலாம் என்று ஆலோசனை கேட்டார். இன்னும் முதல் பருவமே முடியவில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை.

இழப்பு இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருபது ஆண்டுக்கு மேல் சேர்த்த கண் அது. எந்தத் துறைமுகத்தில் எந்தத் தாள் இல்லாமல் சரக்கு மாட்டிக்கொள்ளும், எந்த வாடிக்கையாளர் எந்தப் பெயரை எப்படித் தப்பாக எழுதுவார் என்பதெல்லாம் என்னோடு வந்துவிட்டது. இங்கே அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள் என் மகனைவிடச் சில வயதே மூத்தவள், எலும்புகளின் பெயர்களை என்னைவிடப் பாதி நேரத்தில் மனப்பாடம் செய்துவிடுகிறாள். இரவுப் பணி தொடங்கும்போது இந்த உடம்பு தாங்குமா என்று எனக்கே தெரியவில்லை. சில இரவுகளில் இதை நினைத்து விழித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி உன் விஷயம். உன் தலைமையாசிரியரைத் திட்டாமல் நீ என்னிடம் பேசிய வாரம் ஒன்றாவது உண்டா? அறிக்கை, கூட்டம், மறுபடியும் அறிக்கை என்று புலம்புவாய், நியாயமான புலம்பல்தான். ஆனால் அதே தொலைபேசி அழைப்பில், வேதியியலில் துகள்களை எண்ணும் அளவான மோல் என்றால் என்ன என்று ஆறு மாதமாகப் புரியாமல் இருந்த பையனுக்கு அரிசியை எண்ண வைத்து எப்படிப் புரியவைத்தாய் என்பதை மூச்சுவிடாமல் இருபது நிமிடம் சொன்னாய். சொட்டுச் சொட்டாகக் கரைசலைச் சேர்த்து அளக்கும் டைட்ரேஷனில் ஒரு சொட்டு கூடிப் போய் நிறம் அடர்ந்துவிட்டால், அந்தப் பிள்ளைகளைவிட உனக்குத்தான் அதிகக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் எனக்கு எப்போது கடைசியாக வந்தது என்று நினைத்துப் பார்த்தால் ஆண்டுகூட நினைவில்லை. புலம்புகிற நீ இன்னும் உன் வேலைக்குள்ளேதான் இருக்கிறாய். நான் கடைசி ஆண்டில் யாரிடமும் புலம்பவே இல்லை, உன்னிடம் உட்பட. நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய், நான் திருந்திவிட்டேன் என்று நினைத்திருப்பாய்.

ஆகவே கடிதத்தை உறையில் போடாதே. ஒரே இடத்தில் நெடுங்காலம் வேலை செய்தவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் நீண்ட விடுப்பு உண்டே, அதை நீ இதுவரை தொடவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். முதலில் அதை எடு. வீட்டில் கிட, இங்கே வா, குமுதாவையும் இழுத்துக்கொண்டு எங்காவது போவோம். திரும்பிப் போய் ஒரு முழுத் தவணை வகுப்பு நடத்து. அதற்குப் பிறகும் அந்தச் சொட்டு கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று உனக்குத் தோன்றினால் எழுது. நானே விலகல் கடிதத்தை வரைந்து தருகிறேன், வரைவு சரிபார்ப்பதில் எனக்கு அனுபவம் உண்டு. தலைமையாசிரியர்தான் தாங்க முடியவில்லை என்றால் வேறு பள்ளிக்கு விண்ணப்பம் போடு. அவர் ஒருவருக்காக வேதியியலைத் தூக்கி எறிந்தால் நான் உன்னோடு பேசப்போவதில்லை.

பதில் எழுது. வழக்கமான சனிக்கிழமை இரவு மட்டும் அழைத்துவிடாதே. திங்கட்கிழமை உடற்கூறியல் தேர்வு, மணிக்கட்டு எலும்புகள் எட்டும் இன்னும் வரிசையில் நிற்க மறுக்கின்றன.

அன்புடன்,
உன் வசந்தி