பணியாளர் நலக் கொள்கையின் மூன்றாம் பிரிவு குறித்து அறங்காவலர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம்.

கோவைத் தலைமை அலுவலகத்திலிருந்து சென்ற வாரம் வந்த பணியாளர் நலக் கொள்கையைக் கூடலூர் கள நிலையத்தில் எல்லோரும் சேர்ந்து படித்தோம். சுற்றறிக்கை ஆங்கிலத்தில் இருந்ததால் நான் வாசித்துத் தமிழில் சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குழு மருத்துவக் காப்பீடு, ஆண்டுதோறும் முழு உடற்பரிசோதனை, மனநல ஆலோசனை, ஈட்டிய விடுப்பைப் பணமாக்கிக்கொள்ளும் வசதி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது அறையில் கலகலப்பு இருந்தது. அதன்பின் மூன்றாம் பிரிவு வந்தது. நாட்கூலி, மதிப்பூதியம், திட்டக்கால ஒப்பந்தம் ஆகியவற்றின்கீழ் வேலை செய்வோருக்கு இக்கொள்கை பொருந்தாது என்று அது கூறுகிறது. அந்த அறையில் கொள்கை பொருந்தக்கூடிய ஒரே ஆள் நான்தான். ஆகவே இம்மடலை எழுதும் பொறுப்பும் என்னிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டுயிர்ப் பாதுகாப்புக்காக இயங்கும் நம் அறக்கட்டளையின் பெயரால் காட்டுக்குள் இறங்கும் ஒவ்வொருவருக்கும், அவர் எந்தக் கணக்குத் தலைப்பில் ஊதியம் பெற்றாலும், நியமனக் கடிதமும் மருத்துவ, விபத்துக் காப்பீடும் வழங்க வேண்டும். அதற்குத் தடையாக நிற்கும் மூன்றாம் பிரிவை நீக்க வேண்டும்.

கடந்த பருவமழையின்போது பந்தலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நடந்த விபத்தைத் தாங்கள் அறிவீர்கள். அறிக்கையை அனுப்பியவனே நான்தான். அதில் எழுத இடமில்லாமல் போனவற்றை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளை நோக்கி ஒற்றை யானை இறங்குகிறது என்ற தகவல் கிடைத்ததும், நம் யானைக் கண்காணிப்பாளர் குடியிருப்பு மக்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டு எச்சரித்துவிட்டு, வனத்துறையினரோடு சேர்ந்து இரவு முழுவதும் மழையில் நின்றார். விடியும் நேரத்தில் யானை திடீரென்று திரும்பியது. ஓடியவர் தோட்டத்து வடிகாலில் விழுந்து, வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. யானை அவரைக் கடந்து போய்விட்டது. குடியிருப்பில் ஒருவருக்கும் காயமில்லை.

கூடலூரில் முதலுதவி முடிந்து, அறுவைச் சிகிச்சைக்காகக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று முகப்பில் கேட்டார்கள். அத்திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நாம் கொடுக்கும் மதிப்பூதியம் மாதம் 12,000 ரூபாய், ஆண்டுக்கு 1,44,000. அடுத்து, தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் (இ.எஸ்.ஐ.) எண் இருக்கிறதா என்று கேட்டார்கள். அதற்கான ஊதிய உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய் என்பதால் வருமானக் கணக்குப்படி அவர் அதற்குள் வருபவர்தான். ஆனால் நாம் அவரைப் பதிவு செய்யவில்லை. அரசின் கணக்கில் அவர் போதுமான அளவு ஏழை அல்லர், நம் கணக்கில் அவர் பணியாளரே அல்லர். இந்த இரண்டுங்கெட்டான் நிலையில், எலும்பில் பொருத்தும் தகட்டுக்கும் திருகாணிகளுக்கும் அவருடைய மனைவி தோட்டை அடகு வைத்தார். மீதியைக் கள நிலையத்தில் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டோம்.

விழுந்த நாளோடு அவருடைய மதிப்பூதியம் நின்றது. வேலைக்கு வந்த நாளுக்குத்தான் பணம் என்பது விதி என்றார்கள்; விதி தெரியாதவர்கள் அல்லர் நாங்கள். ஆனால் அதற்குமுன் அவர் வேலை செய்து முடித்திருந்த நாட்களுக்கான வவுச்சரையும் கணக்குப் பிரிவு நிறுத்தி வைத்தது. அவர் பெயரில் கொடுக்கப்பட்டிருந்த தலைவிளக்கும் மழைக்கோட்டும் திரும்ப ஒப்படைக்கப்படவில்லை என்பது காரணம். அந்த மழைக்கோட்டு, முறிந்த காலை அசைக்காமல் அதைக் கழற்ற முடியாததால் மருத்துவமனையில் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கப்பட்டது. அதை எழுத்தில் விளக்கி, மருத்துவமனைச் சீட்டையும் இணைத்து நான் அனுப்பிய பிறகே வவுச்சர் வந்தது. மழைக்கோட்டின் விலை அதில் கழிக்கப்பட்டிருந்தது. அதே காலாண்டில் நன்கொடையாளர்களுக்குப் போன அறிக்கையில் அந்த இரவு, 'உயிர்ச்சேதமின்றித் தீர்க்கப்பட்ட எதிர்கொள்ளல்கள்' என்ற பத்தியில் ஒரு எண்ணாகச் சேர்ந்திருக்கிறது. அது பொய் என்று சொல்ல முடியாது.

நிதி இல்லை என்பது இதற்கெல்லாம் நாங்கள் வழக்கமாகப் பெறும் பதில். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்வதையும், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத வரம்பு இருப்பதையும் ஒவ்வொரு கூட்டத்திலும் எடுத்துக் காட்டுகிறீர்கள். அந்த விதிகளை நாங்களும் படித்தோம். ஆய்வையோ பயிற்சியையோ முதன்மைப் பணியாகக் கொண்ட அமைப்பில் களத் தரவு சேகரிப்பவர்களின் ஊதியம் நிர்வாகச் செலவில் சேராது என்று வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை விதிகளே கூறுகின்றன. நாம் பதிவு செய்திருப்பது ஆய்வு நிறுவனமாகத்தான். சமூகப் பொறுப்பு நிதியிலும் ஒரு திட்டத்தை நேரடியாக நிறைவேற்றுவதற்கான செலவு அந்த 5 சதவீதத்துக்குள் வராது. யானையின் பின்னால் நடப்பதும் காட்டை ஆக்கிரமிக்கும் உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குவதும் நிர்வாகம் என்றால், திட்டம் என்பது எது என்று தாங்கள்தான் விளக்க வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே என்று எங்கள் நிலையத்தில் ஒருவர் சொன்னார். மடலின் மரியாதை கருதி அதை அவர் கூற்றாகவே விட்டுவிடுகிறேன்.

விபத்துக்குப் பிறகு தலைமை அலுவலகம் ஒரு யோசனை சொன்னதையும் மறைக்கக் கூடாது. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் கிடைக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் களப்பணியாளர்கள் தத்தம் வங்கிக் கணக்கு வழியாகச் சேர்ந்துகொள்ளலாம் என்பதே அது. நல்ல திட்டம்தான், பலரும் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் விபத்தில் இறந்தால் அல்லது நிரந்தரமாக உறுப்பை இழந்தால்தான் அதில் பணம் வரும். கால் முறிந்து தேறியவருக்கும், உண்ணிக் காய்ச்சல் கண்டு படுத்தவருக்கும், எலிக் காய்ச்சலில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கும் அதில் ஒன்றும் இல்லை. எங்களைப் படுக்கையில் தள்ளுபவை பெரும்பாலும் இவைதான், யானையும் புலியும் அல்ல. உண்ணிக் காய்ச்சல் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டால் மாத்திரையில் தீரும் நோய். ஒருநாள் கூலி போகுமே என்று மருத்துவரிடம் போகாமல் தள்ளிப்போடும்போதுதான் அது நுரையீரலுக்குப் போகிறது.

மனநலம் குறித்தும் சில சொற்கள். கொள்கைக்கு முன்னோட்டமாக ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மன அமைதி பற்றிய இணையவழி அமர்வு நடந்தது. அழைப்பு எங்களுக்கும் வந்தது. இரவுக் காவலுக்குக் கிளம்பும் நேரத்தில், ஆங்கிலத்தில், சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தவர்களுக்கு வந்தது. மூச்சை எப்படி விடுவது என்று கற்றுத்தரும் அந்த அமர்வை நான் குறை கூறவில்லை. ஆனால் யானை ஒருவரை மிதித்துக் கொன்ற மறுநாள் காலை, அமைப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த ஊருக்குள் போய், 'உங்களுக்கு யானைதானே பெரிது' என்று கேட்கும் உறவினர்கள் நடுவே நிற்பவருக்கு வேறு வகை உதவி தேவைப்படுகிறது. அவரும் அதே ஊர்க்காரர். செத்தவர் அவருக்கும் மாமனோ சித்தப்பாவோ ஆவார். அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ நாங்களே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அறக்கட்டளையிடம் கேட்பது, இத்தகைய நிகழ்வுக்குப் பின் ஊதியத்தோடு சில நாள் ஓய்வும், நிலையத்துக்கே வந்து தமிழில் பேசக்கூடிய ஓர் ஆலோசகரும்தான். காட்டுநாயக்கர், பணியர் ஆகிய பழங்குடிச் சமூகத்தவர் பேச்சை அறிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

முதுமலையின் தெப்பக்காடு யானைகள் முகாமில் வயதான யானைகளுக்கு ஓய்வு உண்டு, வேளாவேளைக்கு உணவு உண்டு, காய்ச்சல் என்றால் பார்க்க மருத்துவர் உண்டு. யானைமேல் எங்களுக்குப் பொறாமை இல்லை, அதற்காகத்தானே உழைக்கிறோம். பல்லுயிர்ப் பாதுகாப்பு மாநாடுகளில் 'உள்ளூர்ச் சமூகங்களின் பங்கேற்பு' என்று அறக்கட்டளை சார்பில் கட்டுரை வாசிக்கப்படும்போது, பங்கேற்பவர்களின் பெயர் ஊதியப் பதிவேட்டில் இல்லாதது மட்டும் எப்படி யார் கண்ணிலும் படாமல் போகிறது என்பது எங்களுக்கு விளங்குவதில்லை. பெண் களப்பணியாளர்கள் கர்ப்பமானதும் 'ஒப்பந்தம் முடிந்துவிட்டது' என்று அவர்களிடம் சொல்லப்படுவதைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுத வேண்டும். கோபத்தில் எல்லை தாண்டுவதாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டுகிறேன், விஷயத்துக்கு வருகிறேன்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பணியாளருக்கு நியமனக் கடிதம் வழங்குவதைக் கட்டாயமாக்குகின்றன. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டுப் பணிக்கே பணிக்கொடை உண்டு என்கின்றன. இதற்கு வெகு முன்பே, 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் காட்டுத்தீயை அணைக்கும் வேலை இடம்பெற்றிருந்தது. இவற்றில் எது நம் அறக்கட்டளைக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை நம் வழக்கறிஞர் சொல்லட்டும். அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்காமல், தலைமை அலுவலகத்தாருக்கு எடுத்திருக்கும் அதே குழுக் காப்பீட்டில் களப்பணியாளர்களையும் சேர்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

பிப்ரவரி வந்தால் முதுமலைப் பக்கம் தீக்காலம் தொடங்கிவிடும். தீத்தடுப்புக் கோடு வெட்டவும் இரவில் தீயைப் பார்க்கவும் போகப்போகிறவர்கள் இதே ஆட்கள்தான். ஆகவே அதற்கு முன்னதாகவே, காட்டுக்குள் இறங்கும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதமும் மருத்துவ, விபத்துக் காப்பீடும் கிடைக்க ஆவன செய்ய வேண்டும் என்று மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த அறங்காவலர் கூட்ட நிகழ்ச்சி நிரலில் மூன்றாம் பிரிவை நீக்கும் தீர்மானத்தைச் சேர்த்து, களப்பணியாளர்களில் இருவரை நேரில் பேச அழைக்கவும் வேண்டுகிறேன். அவர்களின் அன்றைய கூலியையும் பேருந்துச் செலவையும் அறக்கட்டளை ஏற்க வேண்டும். கால் முறிந்தவர் இப்போது தடியூன்றி நடக்கிறார். அழைத்தால் அவரே வருவதாகச் சொல்லியிருக்கிறார். தங்கள் பதிலைத் தமிழில் அனுப்பினால், நான் இடையில் நின்று வாசித்துச் சொல்லாமல் எல்லோரும் தாங்களே படித்துக்கொள்வார்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கள ஒருங்கிணைப்பாளர்,
கூடலூர் கள நிலையம், நீலகிரி மாவட்டம்