‘100 சதவீதம் ஒரிஜினல்’னு எழுதிக் கொடுக்குறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ரெண்டாம் உலகப்போர் காலத்து ஜெர்மன் பேட்ஜ், மெடல் எல்லாம் ஏலம் விடுற கம்பெனிகளுக்கும், அதுகூட ஹோலோகிராம் ஒட்டி சர்டிஃபிகேட் எழுதிக் கொடுக்குற நிபுணர்களுக்கும் வணக்கம்.

உங்க மேல கோவமான்னு கேட்டா ஆமா, கோவம்தான். ஆனா சண்டை போட இதை எழுதல. ஒரு பீஸ் ஒரிஜினல்னு சொல்றீங்க, சரி. எதை வெச்சு ஒரிஜினல்னு முடிவு பண்ணீங்க, அதை ஏன் எழுத மாட்டேங்குறீங்க? இதான் என் கேள்வி, கடைசி வரைக்கும் இதையேதான் கேக்கப் போறேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. நாஜி சின்னம் போட்ட பொருளை எதுக்குய்யா சேக்குறேன்னு என் வீட்லயே கேக்குறாங்க, நியாயமான கேள்விதான். அந்த ஆட்சி பண்ண கொடுமைக்கு எவனும் சப்பைக்கட்டு கட்ட முடியாது, அதை ஷோகேஸ்ல வெச்சு பெருமை பேசுறவங்க கூட எனக்கு ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. என்னைப் பொறுத்தவரை அது ஒரு சாட்சிப் பொருள், எந்த ஃபேக்டரில எந்த வருஷம் எந்த உலோகத்துல செஞ்சாங்கன்னு பாத்தாலே அந்தப் போர் எப்படி ஓடுச்சுன்னு தெரியும். சாட்சிப் பொருள்லயே போலி கலந்துட்டா அப்புறம் மிச்சம் என்ன இருக்கு சொல்லுங்க.

போன வருஷம் ஒரு ஏல கம்பெனிகிட்ட (பேர் வேண்டாம், அவங்க மட்டும்தான் இப்படின்னும் இல்ல) இன்ஃபன்ட்ரி அசால்ட் பேட்ஜ் ஒண்ணுக்கு இது யார் தயாரிப்பு, பின்பக்கம் படம் அனுப்ப முடியுமான்னு மெயில் போட்டேன், “எங்க எக்ஸ்பர்ட் பாத்துட்டார், ஒரிஜினல்தான்”னு ஒரு வரி பதில். நம்ம ஊர் நகைக்கடைல கூட பழைய நகை கொண்டு போனா நம்ம கண்ணு முன்னாடியே உரைகல்லுல உரசிக் காட்டுவாங்க, நீங்க என்னடான்னா உள்ள ரூமுக்குக் கொண்டு போயிட்டு வெளிய வந்து தலையாட்டுறீங்க.

அந்த பேட்ஜையே எடுத்துக்குவோம். 1939 டிசம்பர் 20-ல ஆரம்பிச்சாங்க, மூணு வெவ்வேற நாள்ல மூணு தாக்குதல்ல முன்வரிசைல நின்ன காலாட்படை ஆளுக்கு வெள்ளி நிறத்துல, 1940 ஜூன்ல இருந்து மோட்டார் வண்டில போற காலாட்படைக்கு வெண்கல நிறத்துல. ஓக் இலை வளையம், மேல கழுகு, குறுக்க பயனெட் மாட்டின ரைஃபிள். டிசைன் பெர்லின் யுங்கர் கம்பெனியோடது. ஆனா செஞ்சது அவங்க மட்டும் கிடையாது, லூடன்ஷைட்ல இருந்து வியன்னா வரைக்கும், இப்ப செக் நாட்டுல இருக்குற காப்லோன்ஸ் ஊர் வரைக்கும் ஏகப்பட்ட பட்டறைல அடிச்சாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனி டை (உலோகத்தை அடிச்சு உருவம் கொண்டு வர்ற அச்சு), தனி மாதிரி கீல், தனி மாதிரி கொக்கி, பின்னூசி கூட ஒருத்தருது மெல்லிசு, இன்னொருத்தருது நடுவுல தொப்பை போட்ட மாதிரி. பல பீஸ்ல தயாரிப்பாளர் முத்திரையே இருக்காது. அதனால ‘ஒரிஜினல் இப்படித்தான் இருக்கும்’னு பொதுவா ஒண்ணு கிடையவே கிடையாது. இன்னார் டை, இன்னார் கீல், ரெண்டும் ஒத்துப்போகுதுன்னு சொன்னாத்தான் அது தீர்ப்பு. முன்பக்கம் ஒரு கம்பெனி டை, பின்னாடி எவனோட கீலோ இருந்தா அங்கயே கதை முடிஞ்சுது, அதான் பின்பக்க படம் கேட்டேன்.

இதுல ஒரு வேடிக்கை. ஜெர்மனில குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவுப்படி அந்தச் சின்னத்தை பொதுவுல காட்டக்கூடாது, கல்வி ஆராய்ச்சி மாதிரி விஷயத்துக்குத்தான் விலக்கு, அதனால அங்க கேட்டலாக்ல ஸ்வஸ்திகாவை மறைச்சுப் போடுறாங்க. நல்லதுதான், நான் குறை சொல்லல. ஆனா பின்பக்கத்துல ஸ்வஸ்திகாவும் இல்ல ஒண்ணும் இல்ல, வெறும் ஊசியும் கொக்கியும்தான். மறைக்க வேண்டிய பக்கத்தை மறைச்சுப் போடுறீங்க, காட்ட வேண்டிய பக்கத்தைப் போடவே மாட்டேங்குறீங்க.

அடுத்து உங்க ஆளுங்க கடைல வந்து நிக்குறவங்ககிட்ட சொல்ற குறுக்குவழி டெஸ்ட் எல்லாம். காந்தம் வெச்சுப் பாருங்கன்னு ஒண்ணு. இரும்புச் சிலுவைன்னு சொல்ற ஜெர்மன் வீர மெடலுக்கு நடுவுல கருப்பு அடிச்ச இரும்புத் தகடு, சுத்தி ரெண்டு பாதி ஃப்ரேம் வெச்சுப் பத்த வெச்சது, அதனால காந்தம் ஒட்டும், சரி. ஆனா இரும்பு இல்லாத தகடு போட்ட நிஜ சிலுவையும் இருக்கு, போலி பண்றவனுக்கு இரும்புத் தகடு கிடைக்காதா என்ன. காயம்பட்டவங்களுக்குக் கொடுத்த கருப்பு பேட்ஜ்ல ஆரம்பத்துல வந்தது பித்தளை, ஒட்டாது, அப்புறம் வந்தது இரும்பு, ஒட்டும், ரெண்டுமே நிஜம். இன்னொண்ணு, வார்ப்பா இருந்தா போலி, டைல அடிச்சிருந்தா ஒரிஜினல்னு. இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை நல்ல பீஸ் குப்பை விலைக்குப் போயிருக்கும்னு தெரியல. ஆரம்பத்துல செம்பு அதிகம் இருக்குற டோம்பாக்ல அடிச்சாங்க, போர் இழுக்க இழுக்க செம்பு குண்டுக்கும் தோட்டாவுக்கும் தேவைப்பட்டுச்சு, துத்தநாகத்துக்கு மாறிட்டாங்க, அந்தக் காலத்துலயே அழுத்தி வார்த்த துத்தநாக பேட்ஜ் நிறைய வந்திருக்கு. துத்தநாகத்து மேல பூசின வெள்ளிப் பூச்சு நிக்காது, வருஷம் போகப் போக சாம்பல் கலரா அசிங்கமா ஆயிடும். அந்த அசிங்கம்தான் பல நேரம் நல்ல சகுனம், ஆனா அதையும் ஆசிட் தடவி, மண்ணுல புதைச்சு எடுத்து பண்ணிடுறாங்க.

அப்ப வார்ப்புல எதைப் பாக்கணும்? நிஜ பேட்ஜ்ல இருந்து அச்சு எடுத்து திரும்ப ஊத்துனா உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால நகல் ஒரு துளி சின்னதா வரும், வெர்னியர் காலிபர் வெச்சு அதே தயாரிப்பாளரோட நல்ல பீஸ் பக்கத்துல அளந்தா தெரியும். கழுகோட இறகுக் கோடு மழுங்கியிருக்கும், பள்ளத்துல எல்லாம் சின்னச் சின்ன பரு மாதிரி இருக்கும். லென்ஸ் வெச்சா கீல் இருக்குற இடத்துல அழுக்கும் துருவும் எந்த வரிசைல படிஞ்சிருக்குன்னு பாக்கலாம், ஊசிக்கு அடில மறைஞ்சிருந்த இடமும் திறந்து கிடந்த இடமும் ஒரே மாதிரி பழசாகியிருந்தா யோசிக்கணும். இதெல்லாம் உங்க எக்ஸ்பர்ட்டுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். தெரிஞ்சதை நாலு வரி எழுதுனா என்ன குறைஞ்சிடும்?

முத்திரை நம்பர் விஷயமும் அப்படித்தான். யுங்கர் கம்பெனிக்கே ரெண்டு நம்பர், அரசாங்கத்துக்கு செஞ்சு கொடுத்ததுக்கு 2, கடைல தனியா விக்க எல்/12. இந்த எல் போட்ட வரிசையே 1941-லதான் வந்துச்சு. ஆனா “1940 பிரான்ஸ் சண்டைல வாங்கினது, அவர் கைல கொடுத்த அதே சிலுவை”ன்னு கதை எழுதி எல் நம்பர் போட்ட பீஸை விக்குறாங்க. அந்த சோல்ஜர் பின்னாடி கடைல போய் இன்னொண்ணு வாங்கியிருக்கலாம், அப்படி வாங்குறது வழக்கம்தான், பீஸ் நிஜமா கூட இருக்கலாம். ஆனா அந்தக் கதை நிஜம் இல்ல, கதைக்கும் சேர்த்துத்தானே காசு வாங்குறீங்க.

எல்லாத்துலயும் கஷ்டமானது போருக்கு அப்புறமும் ஓடுன டை. வியன்னால ரூடால்ஃப் சூவால், லூடன்ஷைட்ல ஷ்டைன்ஹவர் அண்ட் லுக், ரெண்டு பேருமே போருக்கு அப்புறமும் தொழிலை விடல. 1957-ல மேற்கு ஜெர்மனி சட்டம் போட்டு, ஸ்வஸ்திகா எடுத்த வடிவத்துல பழைய மெடலை மாட்டிக்கலாம்னு அனுமதி கொடுத்தாங்க, அதுக்கு சப்ளை பண்ணதும் பழைய கம்பெனிகள்தான். இன்னொரு பக்கம் பழசைச் சேக்குறவங்களுக்குன்னே பழைய டிசைன் திரும்ப வந்துச்சு. அதே கம்பெனி, பல இடத்துல அதே கருவி, இதை 1943-ல அடிச்சாங்களா 1970-லயான்னு எப்படிச் சொல்லுவீங்க? டைல விழுந்த கீறல், வெடிப்பு எல்லாம் நாளாக ஆக வளரும், குறையாது, அதை வரிசைப்படுத்தித்தான் சொல்லணும். 1957 மாடல்ல இருக்குற அதே வெடிப்பு உங்க ‘போர்க்கால’ பீஸ்லயும் அதே அளவுக்கு இருந்தா அதைப் பத்தி ஒரு வார்த்தையாவது எழுதணும்ல. நம்ம ஊர்க்காரங்களும் இதுல மாட்டுறாங்க. நேதாஜி ஜெர்மனில இருந்தப்ப 1942-ல தொடங்கின ஆசாத் ஹிந்த் மெடல் இருக்கே, அதை செஞ்சதும் இதே சூவால்தான். நேதாஜி பேரைக் கேட்டதும் உணர்ச்சிவசப்பட்டு வாங்குறவங்க நிறைய, அதுல சண்டை காலத்து பீஸ் எது, பின்னாடி சேக்குறவங்களுக்குன்னு வந்தது எதுன்னு நீங்க பிரிச்சு எழுதி நான் பாத்ததே இல்ல.

இப்ப உங்க பேப்பருக்கு வரேன். கோன்ராட் குயாவ் பேரை நீங்க மறந்திருக்க மாட்டீங்க, உங்க தொழில்ல இருந்து வந்தவர்தான். ஷ்டுட்கார்ட்ல உக்காந்துகிட்டு கிழக்கு ஜெர்மனில இருந்து ராணுவப் பொருளைக் கடத்தி வித்தவர். ஹிட்லரே எழுதினதுன்னு நம்ப வெச்ச போலி டைரியை எழுதுறதுக்கு ரொம்ப முன்னாடியே அவர் கத்துக்கிட்ட வித்தை சர்டிஃபிகேட் எழுதுறதுதான். முதல் உலகப்போர் ஹெல்மெட் ஒண்ணு, நிஜமான ஹெல்மெட், விலை ஒண்ணும் பெருசா போகாது. அதுகூட ஹிட்லரோட துணைத் தலைவர் ருடால்ஃப் ஹெஸ் கையெழுத்துல, இதை 1917-ல ஹிட்லர் போட்டிருந்தார்னு ஒரு சீட்டு எழுதி வெச்சார், அவ்ளோதான், வேற லெவல்ல போச்சு. பொருள் நிஜம், பேப்பர் போலி. அப்புறம் அந்த டைரிக்கு ‘ஷ்டெர்ன்’ பத்திரிகை 90 லட்சம் மார்க்குக்கு மேல கொடுத்துச்சு, 1983 ஏப்ரல்ல ஊரைக் கூட்டி அறிவிச்சாங்க, கையெழுத்து நிபுணர்கள் ஒத்துப்போகுதுன்னு சொன்னாங்க. ஒத்துப்போகாம எப்படி இருக்கும், ஒப்பிடக் கொடுத்த மாதிரிகள்லயே குயாவ் எழுதினது கலந்திருந்துச்சு! மே 6-ம் தேதி ஜெர்மன் அரசு ஆவணக் காப்பகம் போலின்னு சொல்லிடுச்சு. பேப்பர்ல யூவி (புற ஊதா) லைட்ல மின்னுற, போருக்கு அப்புறம் வந்த வெளுப்பு ரசாயனம், பைண்டிங் நூல்ல பாலியஸ்டர். கெமிக்கல் பேர், நூல் பேர்னு வெளிப்படையா சொன்னாங்க, அதனாலதான் அதுக்கு அப்புறம் யாரும் மறுத்துப் பேச முடியல.

அதே யூவி லைட் டெஸ்ட்தான் மெடல் ரிப்பன்லயும் பண்றீங்க, பளிச்சுன்னு நீலமா மின்னினா போலின்னு தூக்கிப் போடுறீங்க. நிஜ ரிப்பனை ஒரு பாட்டி இந்தக் காலத்து சோப்புப் பவுடர்ல ஒரு தடவை துவைச்சிருந்தாலும் மின்னும். என்ன பாத்தீங்கன்னு எழுதுனா இந்தச் சந்தேகத்தை நாங்க கேப்போம், ‘பரிசோதிக்கப்பட்டது’ன்னு மட்டும் எழுதுனா என்னத்தைக் கேக்குறது?

ஆவணம் இருக்குன்னு சொல்றதும் பல நேரம் இப்படித்தான். பாட்ஸ்டாம்ல இருந்த ராணுவ ஆவணக் காப்பகம் 1945 ஏப்ரல் குண்டுவீச்சுல எரிஞ்சு போச்சு, ராணுவ ரெக்கார்ட் நிறைய அதோட காலி, அதனால ஒருத்தர் பேர் கிடைக்கலன்னா அவருக்கு பேட்ஜ் கொடுக்கலன்னு அர்த்தம் ஆகாது. ஆனா அந்த ஓட்டையைத்தான் போலி பண்றவனும் பயன்படுத்துறான், நிஜ சோல்ட்புக்ல (ஒவ்வொரு சோல்ஜரும் வெச்சிருந்த சம்பள, அடையாளப் புத்தகம்) காலியா இருக்குற வரில ஒரு பேட்ஜ் பேரை எழுதிச் சேத்துட்டா செட் ஆயிடுச்சு, விலை ஏறிடுச்சு. அந்த வரியோட மை மத்த வரியோட ஒத்துப்போகுதா, கையெழுத்து போட்ட அதிகாரி அந்தத் தேதில அந்தப் படைப்பிரிவுல இருந்தாரான்னு நீங்க பாத்தீங்களா? பாத்திருந்தா எழுதுங்க.

நான் கேக்குறது முடியாத காரியம் கிடையாது. ஏலத்துக்கு வர்ற ஒவ்வொரு லாட்டுக்கும் (பொருளுக்கும்) முன்பக்கம் பின்பக்கம் படம், பக்கத்துல ஸ்கேல், கிராம் கணக்குல எடை. யார் தயாரிப்புன்னு நினைக்குறீங்க, எந்த பீஸோட ஒப்பிட்டீங்க, அந்த ஒப்பீட்டு பீஸ் எங்கிருந்து வந்துச்சு. எது சரியா இருக்கு, எது இடிக்குது. முடிவு தெரியலன்னா ‘தெரியல’ன்னு ஒரு வகையே வைங்க, விலை குறைச்சு வித்துக்கோங்க, வாங்குறவன் தெரிஞ்சே வாங்கட்டும். சர்டிஃபிகேட் எழுதினவரோட கருத்து நாலு வருஷம் கழிச்சு மாறுச்சுன்னா (மாறும், புதுப்புதுசா டை ஒப்பீடு வந்துகிட்டே இருக்கு) ஏற்கனவே வாங்கினவனுக்கு ஒரு மெயில் போடுங்க. அப்புறம் போலின்னு திரும்பி வந்த பீஸை விக்கக் கொடுத்தவர்கிட்டயே சத்தமில்லாம திருப்பிக் கொடுக்காதீங்க, அவர் அடுத்த ஏலத்துக்கு எடுத்துட்டுப் போவார்னு உங்களுக்கே தெரியும். படத்தோட ஒரு லிஸ்ட் வெளிய விட்டீங்கன்னா மத்த கம்பெனியும் உஷாராகும். எஸ்எஸ் (நாஜி கட்சியோட ஆயுதப்படை) பேர் போட்ட பொருளுக்கு இது இன்னும் அவசரம், விலை அங்கதான் ஜாஸ்தி, போலியும் அங்கதான் குவிஞ்சு கிடக்கு.

இதெல்லாம் எழுதுனா வியாபாரம் படுத்துடும்னு உங்க சைடுல சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோணல. ஏன் ஒரிஜினல்னு காரணம் எழுதியிருக்குற பீஸுக்கு நானே அதிகமாக் காசு கொடுத்திருக்கேன், கொடுக்கவும் செய்வேன். காரணம் எழுதாததுக்கு இனிமே ஏலம் கேக்குறதா இல்லைன்னு நாங்க சில பேர் பேசி வெச்சிருக்கோம். அடுத்த ஏலத்துக்கு கேட்டலாக் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை திருப்பிப் பாருங்க, பின்பக்க படம் எத்தனை லாட்டுக்கு இருக்குன்னு. அந்த இன்ஃபன்ட்ரி பேட்ஜ் யார் தயாரிப்புன்னு நான் மெயில்ல கேட்டதுக்கும் இன்னும் நேரான பதில் வரல, அதையும் சேத்து அனுப்பிடுங்க.

இப்படிக்கு,
உங்க ஏலத்துல கடைசி வரிசைல உக்காந்து பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்ற ஆளு