தரைவிரிப்பும் வினைலும் விற்பவர்களுக்கு: விலைச்சீட்டில் இடம்பெறாதவை பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உற்பத்தியாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும்,

வணக்கம்.

வீட்டுத் தரைக்குக் கார்ப்பெட்டோ வினைலோ வாங்க வருபவர் உங்கள் கடையில் காண்பது, சதுர அடிக்கோ சதுர மீட்டருக்கோ எழுதிய ஒரு விலையையும் அதனருகே தொங்கும் உள்ளங்கை அகல மாதிரித் துண்டையும்தான். இவ்விரண்டை மட்டும் நம்பி, பல ஆண்டுகள் குடும்பம் முழுவதும் நடந்து தேய்க்கப்போகும் பொருளை அவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. எது வெறும் மலிவு, எது கொடுக்கும் பணத்துக்குத் தகுந்தது என்பதைக் காட்டும் அளவுகள் உற்பத்தியாளரின் தொழில்நுட்பத் தாளில் பெரும்பாலும் இருக்கவே செய்கின்றன. அவற்றை விலைச்சீட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். புதிதாக எந்தச் சோதனையும் நடத்தச் சொல்லவில்லை. கையில் இருப்பதை மறைக்காமல் எழுதினால் போதும்.

முதலில் வினைல். ரோலாக வரும் வீட்டு வினைல் ஒரே பொருளால் ஆன தகடு அன்று. அடியில் நுரை, இடையில் சுருக்கத்தையும் விரிவையும் கட்டுப்படுத்தும் கண்ணாடி இழைப் படலம், அதன்மேல் மரத்தையோ கல்லையோ போலத் தோன்றும் அச்சுப் படம், அந்தப் படத்தைக் காக்கும் நிறமற்ற பி.வி.சி. படலம், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய பாலியூரித்தேன் பூச்சு என அது அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. காலடியையும் நாற்காலி நகர்வையும் செருப்போடு வரும் மணலையும் ஆண்டுக்கணக்கில் தாங்குவது அந்த நிறமற்ற படலம்தான். தேய்மானப் படலம் என்பது இதுதான். அது தேய்ந்து அச்சுப் படத்தைத் தொட்டுவிட்டால் தரையின் ஆயுள் முடிந்தது. அடியிலுள்ள நுரை எவ்வளவு கனமாக இருந்தாலும் அதைக் காப்பாற்றாது. அப்படியிருக்க, சீட்டில் பெரிய எழுத்தில் நிற்பது மொத்தக் கனம். 4 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு வினைலில் தேய்மானப் படலம் 0.2 மில்லிமீட்டராகவும், 2.5 மில்லிமீட்டர் கனமுள்ள வேறொன்றில் அது 0.55 மில்லிமீட்டராகவும் இருக்கக்கூடும். கடையில் மிதித்துப் பார்ப்பவருக்கு முன்னதுதான் மெத்தென்று பிடித்துப்போகும். நுரைக்கும் பயன் உண்டு. அது நடக்கும் ஓசையைக் குறைக்கும், காலுக்குக் குளிர்ச்சி தெரியாமல் காக்கும். அதே நுரைதான் கனத்த அலமாரியின் கால்பட்ட இடத்தில் பள்ளமாகி அப்படியே நின்றுவிடும். வாங்குபவர் இரண்டையும் அறிந்து முடிவுசெய்யட்டும்.

அளவை எழுதும்போது ஒரே அலகில் எழுதுங்கள். சில நாடுகளின் தயாரிப்புகளில் தேய்மானப் படலம் 'மில்' என்ற அலகில் வருகிறது. ஒரு மில் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மில்லிமீட்டர். ஒரு சீட்டில் '12 மில்' என்றும் பக்கத்துச் சீட்டில் '0.3 மி.மீ.' என்றும் இருந்தால், இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்பதை யார் கண்டுபிடிப்பார்? பன்னிரண்டு என்ற எண்தான் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும்.

கணக்குப் பார்க்கத் தயங்குபவருக்கு எளிய வழியொன்றும் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 10874 என்ற தரநிலை, வினைல், துணிவகை விரிப்பு, லேமினேட் ஆகிய தரைப்பொருள்கள் தாங்கக்கூடிய நடமாட்டத்தை எண்களால் வகைப்படுத்துகிறது: வீட்டுக்கு 21 முதல் 23 வரை, வணிக இடங்களுக்கு 31 முதல் 34 வரை. இரண்டாவது இலக்கம் கூடக்கூடத் தாங்கும் திறனும் கூடும். வகை எண் பெற்ற பொருள்களில் அது மாதிரித் துண்டின் பின்புறத்தில் சிறு படக்குறியாக ஒளிந்திருக்கும். அதை முன்புறம் கொண்டுவருவதால் உங்களுக்கு நட்டமில்லை. விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் அறைக்கு 21 போதும் என்று தெரிந்தவர் அங்கே மிச்சப்படுத்திய பணத்தைச் சமையலறைக்கும் நடைவழிக்கும் செலவிடுவார். மலிவான பொருளை விற்பதில் எந்தக் குற்றமும் இல்லை. அது எந்த அறைக்கு மலிவு என்று சொல்லாமல் விற்பதைத்தான் நான் குறையாகச் சொல்கிறேன்.

கார்ப்பெட்டில் இந்த மறைப்பு இன்னும் நுட்பமானது. இன்று விற்கும் பெரும்பாலானவை டஃப்டிங் முறையில் செய்யப்படுபவை. வரிசையாக ஊசிகள் நூலை ஓர் அடித்துணியில் குத்தி இறக்குகின்றன, பின்புறம் லேட்டக்ஸ் என்னும் ரப்பர் பசை பூசி இரண்டாவது துணியொன்று ஒட்டப்படுகிறது. அந்த லேட்டக்ஸில் சுண்ணாம்புக்கல் தூள் தாராளமாகக் கலந்திருக்கும். ஆகவே சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று மொத்த எடையை எழுதும்போது, வாங்குபவர் நூல் என்று நினைத்துப் பெருமைப்படுவதில் பெரும்பகுதி பசையும் கல்தூளுமாக இருக்கலாம். நூலின் எடையைத் தனியாக எழுதுங்கள். நூலின் உயரத்தையும் எழுதுங்கள். ஏனென்றால் ஒரே எடை நூலை உயரமாகவும் இடைவெளிவிட்டும் நட்டால் பஞ்சுபோலத் தெரியும், சில மாதங்களில் படிந்துவிடும். குட்டையாகவும் நெருக்கமாகவும் நட்டால் பார்வைக்கு எளிமையாக இருக்கும், நிமிர்ந்தே நிற்கும். மாதிரித் துண்டை நூல் வெளிப்பக்கம் இருக்குமாறு மடக்கிப் பார்த்து, அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் அடர்த்தி குறைவு என்று அறியலாம். படிக்கட்டின் விளிம்பில் கார்ப்பெட் எப்போதும் அப்படி மடங்கித்தான் கிடக்கும் என்பதால், இந்தச் சோதனையை வாடிக்கையாளர் செய்யும்போது முகம் சுளிக்காதீர்கள்.

இழையைப் பற்றியும் நேர்மையான பேச்சு வேண்டும். நைலான் மிதிபட்டாலும் மீண்டு எழும். அதனால்தான் விலை கூடுகிறது. பாலியெஸ்டர் மென்மையானது, நீர்த்தன்மையுள்ள கறைகளை எளிதில் ஏற்காது, ஆனால் நடமாட்டம் மிகுந்த வழியில் சீக்கிரம் தட்டையாகும். பாலிப்ரோப்பிலீனில் நிறத்தை இழை உருவாகும்போதே கலந்துவிடுவதால் வெளுப்பது அரிது. எண்ணெய்க் கறை மட்டும் அதனிடம் ஒட்டிக்கொள்ளும். அது ஏறக்குறைய 165 டிகிரி செல்சியஸில் உருகக்கூடியது என்பதால், கனத்த கட்டிலைத் தரதரவென்று இழுத்தால் உராய்வுச் சூட்டிலேயே பளபளப்பான கோடு விழுந்துவிடும். கம்பளி எளிதில் தீப்பற்றாது, காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளியிடும். விலையும் அந்துப்பூச்சியும் அதன் பாதகங்கள். ஒரே விலைக்கு உயரமான பாலியெஸ்டரும், குட்டையாக நெருங்கிய பாலிப்ரோப்பிலீன் லூப்பும் (நூலின் நுனியை வெட்டாமல் வளையமாகவே விட்ட வகை) கிடைத்தால், நடைவழிக்கு நான் லூப்பையே எடுப்பேன். பூனை வளர்ப்பவர்கள் இந்த யோசனையைப் பொருட்படுத்த வேண்டாம். நகம் மாட்டினால் லூப் வரிசையாகப் பிரிந்து வரும்.

இனி, விலையின் மறுபாதி. உங்கள் ரோல்களுக்கு நிலையான அகலம் உண்டு. 4 மீட்டரும் 5 மீட்டரும் பரவலானவை. 4.2 மீட்டருக்கு 4.1 மீட்டர் அறையின் பரப்பு 17.22 சதுர மீட்டர். 4 மீட்டர் ரோல் அதற்குப் போதாது. 5 மீட்டர் ரோலில் 4.1 மீட்டர் நீளம் வெட்டினால் 20.5 சதுர மீட்டருக்குப் பணம் கட்ட வேண்டும். ஓரம் வெட்டுவதற்காக விடும் அளவைச் சேர்க்காமலே, அறையின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். இணைப்புப் போட்டு அதைக் குறைக்கலாம். அப்போது இரு துண்டுகளின் நூலும் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும், இல்லையேல் ஒரே விரிப்பு இரண்டு நிறமாகத் தெரியும். அளவெடுக்க வரும் உங்கள் ஆள் இந்த இரு வழிகளையும் செலவோடு எழுதித் தந்தால், வாங்குபவர் தனக்கு ஏற்றதைத் தேர்வார். சிறிய அறைக்காரருக்கு ரோலின் கடைசித் துண்டுகளைக் காட்டுங்கள். அதைவிட நல்ல பேரம் உங்கள் கடையில் இருக்காது.

கார்ப்பெட்டுக்கு அடியில் போடும் அடிவிரிப்பு, பசை, பழையதை அகற்றும் கூலி, தரையைச் சமன்செய்யும் செலவு ஆகியவையும் முதல் மதிப்பீட்டிலேயே வர வேண்டும். மலிவான கார்ப்பெட்டும் அடர்த்தியான நல்ல அடிவிரிப்பும் சேர்ந்து, விலையுயர்ந்த கார்ப்பெட்டும் இற்றுப்போன பழைய அடிவிரிப்பும் சேர்ந்ததைவிட நன்றாக உழைக்கும். வினைலுக்குத் தரையின் ஈரம்தான் முதல் பகை. அது நீராவியை வெளியே விடாது. உலராத கான்கிரீட்மேல் ஒட்டினால் பசை விடும், ஓரம் எழும், அடியில் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தை அளக்காமல் வேலையைத் தொடங்க மாட்டோம் என்று சொல்லும் கடைக்கு நான் சற்றுக் கூடுதலாகவே கொடுப்பேன். இன்னொன்று: 1980களுக்கு முந்தைய வினைல் ஓடுகளிலும் அவற்றின் பசையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்புண்டு. சோதித்துப் பார்க்காமல் அவற்றைச் சுரண்டவோ தேய்க்கவோ உங்கள் பணியாளர்களை அனுப்பாதீர்கள். அந்தத் தூசி முதலில் போவது அவர்களுடைய நுரையீரலுக்குத்தான்.

உத்தரவாதத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 'பதினைந்து ஆண்டுத் தேய்மான உத்தரவாதம்' என்று படிப்பவர் தரை பதினைந்து ஆண்டுகள் புதிதுபோல இருக்கும் என்றே புரிந்துகொள்கிறார். கார்ப்பெட்டில் அது பெரும்பாலும் நூல் உதிர்வதை மட்டும் குறிக்கும், நூல் படிந்துபோவதைக் குறிக்காது. வினைலில் அச்சுப் படம் தேய்வதைக் குறிக்கும், கீறலையும் மங்கலையும் குறிக்காது. பல உத்தரவாதங்கள் படிக்கட்டை விலக்குகின்றன. எது அடங்காது என்பதை ஆண்டுக்கணக்கை எழுதும் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். ரப்பர் அடிப்பாகமுள்ள மிதியடியை வினைல்மேல் போட்டால் நீங்காத மஞ்சள் கறை உண்டாகலாம் என்பதையும் விற்கும்போதே சொல்லுங்கள். கறை வந்த பிறகு விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டுவது முறையன்று.

கடைசியாக ஒரு சிறு வேண்டுகோள். ஒரே பெயர், ஒரே நிற எண் கொண்ட பொருளும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி சற்று நிறம் மாறும். ஆகவே பில்லில் பொருளின் முழுப் பெயர், நிற எண், தொகுதி எண் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் மிஞ்சிய துண்டுகளை வண்டியில் அள்ளிப் போகாமல், நல்ல அளவுள்ள ஒன்றிரண்டை வாடிக்கையாளரிடம் விட்டுவரும்படி உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள். நாளை ஓரிடம் கிழிந்தாலோ கருகினாலோ ஒட்டுப்போட வேறு எதுவும் அந்த நிறத்துக்குப் பொருந்தாது. அந்தத் துண்டுகளுக்கும் சேர்த்துத்தான் அவர் பணம் கட்டியிருக்கிறார்.

இப்படிக்கு,
வீட்டுத் தரைக்குப் பொருள் வாங்கும் ஒருவர்