சனி, ஞாயிறு பார்சலை யார் கொண்டுவருவது?

கனடா போஸ்ட் நிர்வாகத்தினருக்கும், கனடியத் தபால் தொழிலாளர் சங்கத் தலைமைக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஸ்காபரோவில் என் வீட்டு பேஸ்மென்ற்றில் இருந்துகொண்டு ஒன்லைனில் பரதநாட்டிய நகை விற்கிறவள் நான். நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, ராக்கொடி, ஒட்டியாணம், சலங்கை. கடை என்று பெயர்தானே தவிர, இரண்டு இரும்புத் தட்டும் ஒரு தராசும் ஒரு பிரிண்டரும்தான் இருக்கின்றன. கணவர் "உன்ர கடை" என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் சிரிப்பும் இருக்கும்.

சலங்கையைப் பெட்டியில் கட்டுவதற்கு ஒரு கைப்பழக்கம் வேண்டும். ஒவ்வொரு வரிசை மணிக்கும் நடுவில் பழைய பேப்பரைச் சுருட்டி வைத்து, தோல்பட்டையை வெளிப்பக்கமாக மடித்து, பெட்டியை மூடிக் காதோரம் ஆட்டிப் பார்ப்பேன். ஒரு மணி கிலுங்கினாலும் திரும்பப் பிரித்துக் கட்டுவேன். இல்லாவிட்டால் வழி முழுக்க மணிகள் ஒன்றோடொன்று மோதித் தையல் விட்டுவிடும். அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மருந்துக்கடைக்குப் போவேன். பின்மூலையில், சளி மருந்துத் தட்டுக்கு அருகே, உங்கள் தபால் கவுன்டர். சலங்கை பாரமான சாமான். நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல் அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் பார்ப்பேன், எவ்வளவு சொல்லப் போகிறாளோ என்று.

ஏன் இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரே மடல் என்று கேட்பீர்கள். தபால் வேலைநிறுத்தம் தொடங்கிய 2024 நவம்பர் 15 முதல் நான் உங்கள் இருவரின் அறிக்கைகளையும் விடாமல் வாசித்து வருகிறேன். இரண்டிலும் என்னைப் போன்றவர்கள் வருகிறோம். நிர்வாகத்தின் அறிக்கையில் "சிறுதொழில் செய்வோர் பாதிக்கப்படுகிறார்கள், சங்கம்தான் காரணம்" என்று வருகிறோம். சங்கத்தின் அறிக்கையில் "பொதுமக்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு நிர்வாகமே பொறுப்பு" என்று வருகிறோம். எங்களை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் எறிகிறீர்கள். எறியப்படுகிற கல்லுக்கும் கொஞ்சம் பேச இருக்கிறது.

முதலில் சங்கத்துக்கு. வேலைநிறுத்தம் செய்யாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. 1981 கோடையில் உங்கள் ஆட்கள் 42 நாள் வேலையை நிறுத்தி, 17 கிழமைச் சம்பளத்தோடு பிள்ளைப்பேற்று விடுப்பை வாங்கினார்கள். அதற்குப் பிறகு நாட்டில் இன்னும் பல பெண்களுக்கும் அந்த வழி திறந்தது. என் மூத்தவள் பிறந்தபோது நான் வீட்டில் இருந்த மாதங்களில் அந்த 42 நாளின் பங்கும் உண்டு. அன்றைக்கும் தபால் இல்லாமல் சனம் திட்டியிருக்கும். இன்றைக்கு யாருக்கு அது ஞாபகம்?

ஆனால் 1981-இல் கடிதத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. நீங்கள் நின்றால் நாடு நின்றது, அதனால் நிர்வாகம் இறங்கி வந்தது. இப்போது உங்கள் கையில் இருப்பது பார்சல். அது காத்திருக்காது, வேறு வண்டியில் ஏறிவிடும். 2019-இல் பார்சல் சந்தையில் 62 சதவீதம் கனடா போஸ்ட் கையில் இருந்தது. 2023-இல் அது 29. கவனியுங்கள், இது வேலைநிறுத்தத்துக்கு முந்தின கணக்கு. அதற்குப் பிறகுதான் 2024 நவம்பரில் 55,000 பேர் வெளியே வந்தீர்கள், நாலு கிழமைக்கு மேல். அமெரிக்கத் தபால்துறைகூடக் கனடாவுக்கான தபாலை ஏற்பதை நிறுத்தியது. சென்னையில் எனக்கு நகை செய்து தருகிறவர், "மேடம், உங்க ஊர்ல என்ன யுத்தமா?" என்று கேட்டார்.

அந்த நாலு கிழமையில் அமேசனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவர்களுக்குச் சொந்த வண்டிகள், ஒப்பந்தக்காரர்கள், களஞ்சியங்கள். நான் என்ன செய்ய? ஒரு தனியார் கூரியரிடம் போனேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல். பத்தாவது நாளோ என்னவோ, மார்கழி நிகழ்ச்சியில் ஆட இருந்த ஒரு பிள்ளையின் பெட்டி "கொடுத்தாயிற்று" என்று ட்ராக்கிங்கில் வந்தது. கூடவே ஒரு படம். பனிக்குவியலின் மேல் என் பெட்டி, பின்னால் ஒரு பச்சைக் கதவு. தாய் எனக்கு எழுதினார்: "அக்கா, எங்கட கதவு சிவப்பு." அந்த நிறுவனத்துக்கு நான் ஏழு தடவை அழைத்தேன். ஏழு தடவையும் "கொடுத்தாயிற்று" என்றார்கள். பிள்ளை ஒன்றுவிட்ட அக்காவின் சலங்கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடியது. நான் புதிதாக ஒரு சோடி இலவசமாக அனுப்பினேன், அதுவும் பொங்கல் கழித்துத்தான்.

இந்தக் கதையைச் சொல்வது உங்கள் மேல் கோபத்தில் இல்லை. உங்களை விட்டுப் போனால் எங்கே போய் நிற்கிறோம் என்பதைக் காட்டத்தான். அந்தக் கூரியருக்கு ஓடிய தம்பியை நான் வேறொரு நாள் என் வாசலில் பிடித்து விசாரித்தேன். நம்மட பொடியன்தான், படிக்க வந்தவன். சொந்தக் கார், சொந்தப் பெற்றோல், பெட்டிக்கு இவ்வளவு என்று காசு. "நின்று கதவு தட்டினா எனக்கு நட்டம் அக்கா" என்றான். பச்சையோ சிவப்போ அவனுக்குப் பார்க்க நேரமில்லை.

சரி, இப்போது நிர்வாகத்துக்கு.

2024-இல் மட்டும் 841 மில்லியன் டொலர் நட்டம் என்று கணக்குக் காட்டினீர்கள். 2018-இலிருந்தே நட்டம்தான். 2025 தொடக்கத்தில் அரசு ஒரு பில்லியன் டொலருக்கு மேல் கைகொடுத்துத்தான் நிறுவனம் ஓடியது. கணக்கை நான் மறுக்கவில்லை. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 5.5 பில்லியன் கடிதம் சுமந்தவர்கள் 2023-இல் 2.2 பில்லியன்தான் சுமந்தார்கள், முகவரிகளோ வருடாவருடம் கூடுகின்றன. இந்தத் தகராற்றை விசாரிக்க அரசு அமைத்த வில்லியம் கப்லான் ஆணைக்குழு 2025 மே மாதம் சொன்னதும் இதைத்தான்: இது ஏறத்தாழ வங்குரோத்தான நிறுவனம்.

ஆனால் எங்கள் விலகலை உங்கள் வாதத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள். "வாடிக்கையாளர் போய்விட்டார்கள், ஆகவே வேலை நிபந்தனைகளைத் தளர்த்த வேண்டும்" என்கிறீர்கள். நாங்கள் தபால்காரரின் சம்பளம் கூடியதால் போகவில்லை. சனிக்கிழமை பார்சல் வராததால் போனோம். நவம்பரில் எது எப்போது நிற்கும் என்று தெரியாததால் போனோம். இன்னொன்று, பியூரலேற்றர் என்ற கூரியர் நிறுவனத்தின் 91 சதவீதம் உங்களுடையது. கனடா போஸ்ட்டை விட்டு அங்கே போகிற பெட்டி உங்கள் வீட்டு வலது அறையிலிருந்து இடது அறைக்குப் போவது மாதிரி. அந்தக் கணக்கையும் அதே மூச்சில் சொன்னால் நன்றாக இருக்கும்.

அரசுக்கு ஒரு பந்திதான். 2024 டிசம்பரில் அமைச்சர் தகராற்றில் தலையிட வழிதரும் தொழிற்சட்டத்தின் 107-ஆம் பிரிவை எடுத்தார், 17-ஆம் தேதி வேலை தொடங்கியது, 5 சதவீதச் சம்பள உயர்வும் கிடைத்தது. பிரச்சினையை ஃப்ரீஸரில் வைத்தார்கள், அவ்வளவுதான். 2025 மே மாதம் வெளியே எடுத்தபோது அது அப்படியே இருந்தது: மேலதிக நேர வேலை மறுப்பு. கோடையில் நிர்வாகத்தின் இறுதி யோசனையைக் கட்டாய வாக்கெடுப்புக்கு விட்டார்கள். பத்துக்கு ஏழு பேரளவில் "வேண்டாம்" என்றார்கள். செப்டம்பர் 25-ஆம் தேதி, நாலு மில்லியன் முகவரிகளுக்கு வாசல் விநியோகத்தை நிறுத்தப் போவதாக அரசு அறிவித்த அதே நாளில், திரும்ப நாடு தழுவிய வேலைநிறுத்தம். ஒக்டோபரில் சுழற்சிமுறை. நவம்பர் 21-ஆம் தேதிதான் கொள்கையளவில் ஓர் இணக்கம் வந்தது. அந்த ஆண்டு தீபாவளி ஒக்டோபர் 20. என் பெட்டிகள் எந்த நகரத்தில் எந்த நாள் நிற்கும் என்று தினமும் காலையில் செய்தி பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தேன்.

இத்தனை அறிக்கைகளையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு சின்னக் கேள்வி. சனி, ஞாயிறு பார்சலை யார் கொண்டுவருவது? பகுதிநேர ஆட்கள் என்றது நிர்வாகம். அப்படித் தொடங்கினால் எல்லா வேலையும் அந்தக் கூரியர்த் தம்பியின் வேலை மாதிரி ஆகிவிடும் என்று சங்கம் பயந்தது. பயம் நியாயமானது, அவனை நான் பார்த்திருக்கிறேன். வார இறுதி விநியோகம் தேவை என்பதும் நியாயமானது. நானே இரவு பதினொரு மணிக்குக் கட்டிலில் கிடந்தபடி அமேசனில் எதையாவது அமத்திவிட்டு, ஞாயிறு வராவிட்டால் முகம் சுளிக்கிறவள்தான். இலவச டெலிவரி என்று எங்களைப் பழக்கியாயிற்று. யாரோ ஒருவருடைய முதுகு அந்த இலவசத்தைச் சுமக்கிறது என்பது பெட்டி வாசலில் இருக்கும்போது தெரிவதில்லை.

நான் பெரிய படிப்பாளி இல்லை. ஆனாலும் பகுதிநேர வேலையை ஓய்வூதியத்தோடும், இத்தனை மணித்தியாலம் கட்டாயம் உண்டு என்ற உறுதியோடும் கொடுக்கவே முடியாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சனி, ஞாயிறு மட்டும் வேலை செய்ய விரும்புகிற தாய்மார், மாணவர்கள் என் வீதியிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். மலிவான கை தேடி அதைச் செய்தால் சங்கம் எதிர்க்கத்தான் வேண்டும். முழுநேரம் தவிர எதுவும் வேண்டாம் என்று சங்கம் பிடித்தால், அந்த முழுநேரம் சுமக்க நாளைக்குப் பெட்டி இருக்காது.

இன்னொரு வேண்டுகோள். சட்டப்படி வேலைநிறுத்தத்துக்கு 72 மணி நேர அறிவித்தல் வேண்டும். அந்த மூன்று நாளில் புதுப் பெட்டி ஏற்பதை உடனே நிறுத்திவிட்டு, உள்ளே இருக்கிற பெட்டிகளை முடிந்தவரை வெளியே அனுப்ப இருவரும் ஓர் உடன்பாடு எழுதுங்கள். 2024-இல் வேலைநிறுத்தம் நடக்கும்போதே முதியோர் கொடுப்பனவு, பிள்ளைகளுக்கான கொடுப்பனவுக் காசோலைகளைச் சங்கத்தவர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இரண்டு பேரும் சம்மதித்துத்தான் அது நடந்தது. எதைக் கொடுக்காவிட்டால் யார் நோவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு வட மனிற்ரோபாவில் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார், தாதியாக வேலை. அவருடைய முகவரி ஒரு தபால்பெட்டி இலக்கம். தனியார் கூரியர் தபால்பெட்டிக்குப் போகாது. அப்படியான தூர ஊர்களுக்குத் தனியார் நிறுவனங்களே கடைசிக் கட்டத்தை உங்களிடம்தான் ஒப்படைக்கின்றன. நான் வேறு வண்டி பிடிப்பேன். அவர் எதைப் பிடிப்பார்?

என் வீட்டுக்குக் கிட்ட உங்கள் புதிய பார்சல் நிலையம் இருக்கிறது. 2023-இல் திறந்தீர்கள். ஒரு நாளில் ஒரு மில்லியன் பெட்டிக்கு மேல் பிரிக்கும் வல்லமை உள்ள கட்டடம். அதற்கு வைத்த பெயர் அல்பேர்ட் ஜக்சன். அடிமையாகப் பிறந்தவர். 1882-இல் ரொறன்ரோவின் முதல் கறுப்பினத் தபால்காரராக நியமிக்கப்பட்டபோது, கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வேலை பழக்க மறுத்தார்கள். ஊர்ச்சனம் கூடிக் குரல் கொடுத்து, பிரதமர் வரை விஷயம் போன பிறகுதான் அவர் பையைத் தோளில் போட முடிந்தது. தபால்காரருக்காக வாடிக்கையாளர் சண்டை பிடித்த கதை உங்கள் சுவரிலேயே இருக்கிறது. அப்படி ஒரு சண்டை தேவைப்பட்டால் நாங்கள் இப்போதும் வருவோம். ஆனால் எங்களையும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருத்த வேண்டும்.

என் தட்டில் இப்போது 14 சோடி சலங்கை இருக்கிறது. வருகிற கோடையில் மூன்று அரங்கேற்றத்துக்கு ஓடர் எடுக்க வேண்டும். அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும்: வரப்போகிற நவம்பரில் கடையைத் திறந்து வைக்கலாமா, அல்லது "வேலைநிறுத்தம் காரணமாக..." என்ற அறிவிப்பை இப்போதே எழுதி வைக்கட்டுமா?

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு சலங்கைக் கடைக்காரி