மாத்திரை பலிக்காதபோது நோயின் வகையைச் சந்தேகியுங்கள்

பெரியவர்களின் சர்க்கரை நோய்க்கு மருத்துவம் பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். முப்பது வயதைக் கடந்தவருக்குச் சர்க்கரை கூடியிருந்தால் அதை இரண்டாம் வகை என்று முதலில் கருதுவதில் குறையில்லை. பெரும்பாலானோருக்கு அதுவே உண்மை. ஆனால், மாத்திரைகளைக் கூட்டிக்கொண்டே போனபின்பும் மூன்று மாதச் சராசரி இறங்காமல், உடல் எடை மட்டும் இறங்கிக்கொண்டே வரும் நோயாளியிடம், உணவுக் கட்டுப்பாடு போதவில்லை என்றே திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புவதைப் பற்றி எழுதுகிறேன். அப்படி அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. பயந்துபோய் ஒரு வேளை உணவையே நான் விட்டிருந்த காலத்தில், என் கோப்பில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதப்பட்டிருந்தது.

உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கும் முதல் வகை, சிறுவர்களோடு நின்றுவிடுவதில்லை. பிரிட்டனின் பெரிய உடல்நலத் தரவுத் தொகுப்பான யுகே பயோபேங்கின் தரவுகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு, 60 வயதுக்குள் வரும் முதல் வகையில் ஏறத்தாழ 42 விழுக்காடு 30 வயதுக்குப் பிறகே தொடங்குவதைக் காட்டியது. பிரிட்டனின் உள்துறை அமைச்சராக இருந்த தெரசா மேவுக்கே 2012இல், 56 வயதில், முதலில் இரண்டாம் வகை என்றுதான் சொல்லப்பட்டது. பெரியவர்களிடம் இந்த அழிவு மெதுவாக நடப்பதால் தொடக்கத்தில் மாத்திரைகளுக்குச் சர்க்கரை ஓரளவு அடங்கவும் செய்யும், ஏமாற்றுவது அதுதான். இதற்கிடையே, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் கிளிஃப்ளோசின் வகை மாத்திரை சேர்க்கப்பட்டால், இன்சுலின் வற்றிவரும் உடலில், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் அமிலம் பெருகி உயிருக்கு ஆபத்தாகலாம்.

சந்தேகம் எழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது, பீட்டா செல்களை உடலே தாக்குவதன் அடையாளத்தை இரத்தத்தில் தேடும் ஜிஏடி எதிர்ப்பொருள் பரிசோதனை. அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் 2021இல் இணைந்து வெளியிட்ட அறிக்கையும் அதையே சொல்கிறது. உடல் சொந்தமாகச் சுரக்கும் இன்சுலினின் அளவைக் காட்டும் சி-பெப்டைட் தொடக்க காலத்தில் இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால், அதை மட்டும் பார்த்துவிட்டு முதல் வகை இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

சரியான வகை தெரிந்த பிறகும் வேலை முடிவதில்லை. இன்சுலினை எழுதிக் கொடுப்பதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள். பழைய வகைக்காகப் பழகிய வாழ்க்கையைக் கலைத்து அடுக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகிறது. தட்டில் உள்ள மாவுச்சத்தைக் கணக்கிட்டு ஊசியின் அளவை முடிவுசெய்வது, முன்பு போட்ட இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அவசரப்பட்டு மீண்டும் போடாமல் இருப்பது, காய்ச்சலில் சாப்பிட முடியாத நாளிலும், உணவைச் சாராமல் நாள் முழுதும் தேவைப்படும் அடிப்படை இன்சுலினை நிறுத்தாமல் இருப்பது ஆகியவற்றை யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். எனக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது, சர்க்கரை 70க்குக் கீழே போனதும் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்பதுதான். இனிப்பை நஞ்சாகப் பார்க்கப் பழக்கப்பட்டிருந்த எனக்கு, வேர்த்து விறுவிறுத்து விரல்கள் நடுங்கும்போதும் குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரிக்க மனம் வரவில்லை. இந்தத் தயக்கம் ஆபத்தானது; அதைப் பற்றி நோயாளியிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

இன்னொன்று. வகை மாறியதும் கோப்பு, மருந்துச் சீட்டு, பரிந்துரைக் கடிதம் அனைத்திலும் அதைத் திருத்துங்கள். வேறொரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குச் சேரும்போது பழைய குறிப்பை நம்பி எவரேனும் அடிப்படை இன்சுலினை நிறுத்திவிட்டால், மயக்க நிலையில் இருக்கும் நோயாளியால் மறுத்துச் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
தாமதமாக முதல் வகை கண்டறியப்பட்ட ஒரு நோயாளி