சுரங்க ரயிலில் ஏறியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு சிறுவர் இணைப்பில், அமெரிக்காவில் அடிமையாக இருந்து தப்பி, பிறகு மற்றவர்களையும் தப்ப வைத்த ஹாரியட் டப்மன் கதை வந்திருந்தது. 'சுரங்க ரயிலில் ஏற்றி 300 அடிமைகளைக் காப்பாற்றிய வீரப்பெண்' என்று தலைப்பு. போதாததற்குப் படம் வேறு. குகைக்குள்ளிருந்து புகை கக்கிக்கொண்டு எஞ்சின் வருகிறது, ஜன்னலில் குழந்தைகள் கையசைக்கிறார்கள். டிக்கெட் பரிசோதகர் ஒருவர்தான் பாக்கி.

'அண்டர்கிரவுண்ட் ரயில்ரோடு' என்பதில் ரயிலும் இல்லை, சுரங்கமும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தப்பி வருகிறவர்களை ஒளித்து வைத்து, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கைமாற்றி விட்டவர்களின் ரகசிய ஏற்பாட்டுக்கு அப்படி ஒரு பெயர். ஒளித்து வைத்த வீடு ஸ்டேஷன், கூட்டிப்போகிறவர் கண்டக்டர். டப்மன் 1849-இல், அடிமை முறை இருந்த மேரிலாந்திலிருந்து அது இல்லாத பிலடெல்பியாவுக்குத் தப்பிப் போய்ச் சேர்ந்தார். ஏறக்குறைய 145 கி.மீ., பெரும்பாலும் கால்நடையாக. 300 பேர் என்பது பழைய வாழ்க்கை வரலாறு ஒன்று ஊதிவிட்ட கணக்கு. ஆவணங்களைத் தேடிப் பார்த்தவர்கள் சொல்வது சுமார் 13 பயணம், சுமார் 70 பேர். பிடிபட்டால் கதி என்ன என்று தெரிந்தும் அத்தனை தடவை திரும்பிப் போனாரே, அது போதாதா? 300 ஆக்கினால்தான் வீரமா?

டப்மன் பெரும்பாலும் சனிக்கிழமை இரவில்தான் ஆட்களைக் கிளப்புவாராம். ஓடிப்போனவர்களைப் பற்றிய விளம்பரம் திங்கட்கிழமைக்கு முன் பத்திரிகையில் ஏறாது. பத்திரிகைக்காரரான உங்களுக்காவது இது சுவாரஸ்யமாக இருந்திருக்க வேண்டும். 1849-இல் அவரைப் பிடித்துத் தரச்சொல்லி வந்த விளம்பரத்தில், அப்போது அவரை அழைத்த பெயரில், 'மின்ட்டி, வயது சுமார் 27, உயரம் சுமார் 5 அடி' என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தார்கள். மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் 100 டாலர். ஆளைச் சொத்தாக வைத்திருந்தவர்களுக்கு இருந்த அக்கறைகூட நமக்கு வேண்டாமா?

இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன், மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து தன்னையே பார்சலாக அனுப்பச் செய்து தப்பிய அடிமை ஹென்றி பிரவுன் கதையைப் 'பெட்டிக்குள் ஒளிந்த புத்திசாலி' என்று சிரிப்புக் கதையாக்கினீர்கள். அன்றைக்கு நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தில் அச்சேறியது முதல் வரி மட்டும்: 'கதை படித்தேன்.' அலுவலகத்துக்குப் போன் செய்தால், 'குழந்தைகளுக்கு எதுக்கு மேடம் சோகமெல்லாம்?' என்றார் ஒருவர். அப்புறம் எட்டுப் பக்க இணைப்பு நாலு பக்கமானது. பற்பசை விளம்பரம் மட்டும் அதே அரைப் பக்கம்.

எது சோகம், எது வேண்டாம் என்பதைக் குழந்தைகளிடம் கேட்டீர்களா? நான் 31 வருடம் வகுப்பெடுத்தவள். இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கதை வாசிக்கிறேன். பிரவுன் கதையை வாசித்த அன்று, தரையில் சாக்பீஸால் மூன்றடிக்கு இரண்டடி கட்டம் போட்டேன். பெட்டியின் அளவு அது. உயரம் இரண்டே முக்கால் அடிகூட இல்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஐந்து நிமிடத்தில் 'கால் மரத்துப் போச்சு டீச்சர்' என்று எழுந்துவிட்டான். பிரவுன் 27 மணி நேரம் இருந்தார். ரிச்மண்டிலிருந்து பிலடெல்பியா வரை, கொஞ்ச தூரம் தலைகீழாகவும்.

நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி பேசாமல் சாக்பீஸை எடுத்துப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டாள். யாருக்கு என்றேன். 'அவங்க வீட்டம்மாவுக்கு.' அவர் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் முந்தின வருடமே விற்று, வட கரோலினாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. நீங்கள் விட்டுவிட்டது அதைத்தான். அது இல்லாவிட்டால் அந்த மனிதர் ஏன் பெட்டிக்குள் போனார் என்றே பிள்ளைகளுக்குப் புரியாது. அந்த இரண்டாவது கட்டத்தை அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் பெருக்க வந்த அம்மாதான் அழித்தார்.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் மூன்று வரித் திருத்தம். பிள்ளைகள் உங்கள் எஞ்சின் படத்தை வெட்டி நூலகப் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். திருத்தம் வந்ததும் அதையும் பக்கத்தில் ஒட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஓவியரின் உழைப்பு வீணாக வேண்டாம். இவர்களைப் போலவே அடிமையாக இருந்த ஃபிரடெரிக் டக்ளஸ் 1838-இல் மாலுமி உடுப்பைப் போட்டுக்கொண்டு, இரவல் வாங்கிய மாலுமிச் சான்றிதழோடு பால்டிமோரில் நிஜமாகவே ரயில் ஏறித்தான் தப்பினார். அந்தக் கதை போடும்போது எஞ்சினைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். குகையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தென்காசி மாவட்டம்